ஒன்டாரியோல ராஜா பிரதிநிதி கையெழுத்து போட மாட்டேன்னு சொல்ல முடியுமா?

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா "லெஃப்டினன்ட் கவர்னருக்கு பவர் இருக்கா இல்லையா"ங்கற ஒரு வரி கேள்வி மாதிரி இருக்கு. ஆனா முழுசா படிச்சா நீங்க உண்மையில கேக்கறது வேற. ஸ்கார்பரோவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஒன்டாரியோ சட்டசபைல ஒரு மசோதா பாஸ் ஆகப்போகுது, அது உங்களுக்கு பிடிக்கல, ராஜாவோட பிரதிநிதியான லெஃப்டினன்ட் கவர்னர் (சுருக்கமா எல்.ஜி.) கையெழுத்து போடலன்னா அது சட்டமே ஆகாதுன்னு எங்கயோ படிச்சிருக்கீங்க, அப்போ அவங்களுக்கு ஆளுங்கள சேத்து ஒரு பெட்டிஷன் போட்டா நம்ம ஊர் கவர்னர் மாதிரி மசோதாவ கிடப்புல போடுவாங்களா, போட மாட்டாங்கன்னா "ஆட்டுக்கு தாடி எதற்கு நாட்டுக்கு கவர்னர் எதற்கு"ன்னு அண்ணா கேட்டது இங்கயும் பொருந்துமா, இதுதான உங்க கேள்வி? ரெண்டு பாதியா பிரிச்சு சொல்றேன். ரெண்டாவது பாதி தான் சுவாரஸ்யம்.

முதல்ல நான் யாருன்னு. சட்டம் படிச்சிட்டு இங்க 20 வருஷத்துக்கு மேல மாகாண சட்டங்களும் ரெகுலேஷன்களும் புரட்டற வேலை தான் பாக்கறேன். கோர்ட்ல நின்னு அரசியலமைப்பு கேஸ் வாதாடற ஆள் இல்ல. ஒன்டாரியோ விஷயம் கைப்பழக்கம், பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் எல்லாம் படிச்சும் தூரத்துல இருந்து பாத்தும் தெரிஞ்சது. அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

பெட்டிஷனுக்கு நேரடி பதில்: போட மாட்டாங்க. கிடப்புலயும் போட மாட்டாங்க, திருப்பியும் அனுப்ப மாட்டாங்க. சட்டப் புத்தகத்துல அந்த அதிகாரம் அப்படியே தான் இருக்கு, 1867 அரசியலமைப்பு சட்டப்படி ராயல் அசென்ட், அதாவது ராஜா பேர்ல தர்ற ஒப்புதல், இல்லாம மசோதா சட்டமாகாது, அது நீங்க படிச்சது சரி. ஆனா ஒரு மாகாணத்துல லெஃப்டினன்ட் கவர்னர் அசென்ட் தர மாட்டேன்னு கடைசியா சொன்னது 1945ல, பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட்ல, அதுவும் மதுவிலக்க கொஞ்சம் தளர்த்தற ஒரு மசோதாவுக்கு. அவருக்கு அடுத்து வந்தவர் அசென்ட் குடுத்துட்டார். அதுக்கப்புறம் 80 வருஷமா எந்த மாகாணத்துலயும் நடக்கல. இங்க ஒன்டாரியோ சட்டசபை இருக்கற குயின்ஸ் பார்க்ல நடக்கறத பாத்தா உங்களுக்கே புரியும், பெரும்பாலும் எல்.ஜி. சபைக்கு கூட வர்றதில்ல, அதே கட்டிடத்துல இருக்கற அவங்க ஆபீஸ்லயே கையெழுத்து ஆயிடும், அப்புறம் ஸ்பீக்கர் எழுந்து "மன்னர் பேரால, மாண்புமிகு லெஃப்டினன்ட் கவர்னர் கீழ்க்கண்ட மசோதாக்களுக்கு தன் அலுவலகத்தில் ஒப்புதல் அளித்தார்"னு படிப்பார், பாதி பேர் போன பாத்துக்கிட்டு இருப்பாங்க. 2021 மே மாசம் தமிழ் இனப்படுகொலை கல்வி வார சட்டம் வந்தது ஞாபகம் இருக்கா, நம்ம ஆளுங்க எல்லாம் ஷேர் பண்ணாங்களே, அது சபைல மூணாவது வாசிப்பு முடிஞ்சது 6ஆம் தேதி, அசென்ட் 12ஆம் தேதி. அந்த சட்டத்த எதிர்த்தவங்க கோர்ட்டுக்கு தான் போனாங்க. சட்டத்த எதிர்க்கணும்னா போற இடம் கோர்ட்டு, எல்.ஜி. வாசல் கிடையாது. (பை த வே, இங்க "லெஃப்டினன்ட்"னு 'ஃப்' போட்டு தான் சொல்லுவாங்க, அமெரிக்கன் மாதிரி "லூட்டனன்ட்"னு சொன்னா புது ஆளுன்னு தெரிஞ்சிடும். நான் மாட்டிருக்கேன்.)

இன்னொன்னுலயும் மாட்டிருக்கேன். வேலைக்கு சேந்த முதல் மாசம் ஒரு சட்டத்துல "லெஃப்டினன்ட் கவர்னர் இன் கவுன்சில் ரெகுலேஷன் போடலாம்"னு இருந்தது. நான் அத அப்படியே நம்பி, எல்.ஜி.யே உக்காந்து கட்டணம் எவ்ளோ, ஃபார்ம்ல என்ன கட்டம் வரணும்னெல்லாம் முடிவு பண்ணுவாங்க போலன்னு நினைச்சு மெமோவுல "எல்.ஜி. முடிவு செய்வார்"னு எழுதிட்டேன். என் மேலதிகாரி அத படிச்சிட்டு சிரிக்கல, பேனா எடுத்து எல்.ஜி.ய அடிச்சிட்டு "கேபினட்"னு எழுதி திருப்பிக் குடுத்தார். அவ்ளோதான் விஷயம். அந்த நாலு வார்த்தை சேந்து வந்தா அர்த்தம் மந்திரிசபை. ஆர்டர் இன் கவுன்சில் (மந்திரிசபை ஆணை) காகிதத்த எடுத்து பாருங்க, சம்பந்தப்பட்ட மந்திரி கையெழுத்து, கேபினட் சார்பா ஒரு கையெழுத்து, எல்லாத்துக்கும் கடைசியா "அப்ரூவ்ட் அண்ட் ஆர்டர்ட்"க்கு பக்கத்துல எல்.ஜி. கையெழுத்து. முடிவு மேல இருக்கற ரெண்டு கையெழுத்தோடது, சட்ட பலம் கடைசி கையெழுத்தோடது.

சரி இப்போ ரெண்டாவது பாதி, அப்போ எதுக்கு இந்த ஆள்? இங்க தான் நம்ம ஊர் அனுபவத்த வச்சு யோசிச்சா தப்பா போயிடும். இத்தனைக்கும் 1867ல கனடா உருவானப்போ எல்.ஜி. பதவிய உண்மையிலேயே நம்ம கவர்னர் மாதிரி தான் டிசைன் பண்ணாங்க. முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டானல்டுக்கு மாகாணம்னா ஏறக்குறைய ஒரு பெரிய முனிசிபாலிட்டி. எல்.ஜி.ய நியமிக்கறது ஒட்டாவா (அதாவது மத்திய அரசு), சம்பளம் ஒட்டாவா, பிடிக்காத மசோதாவ எல்.ஜி. ஒட்டாவாவுக்கு ஒதுக்கி அனுப்பலாம், அசென்ட் ஆன சட்டத்தையே ஒட்டாவா ஒரு வருஷத்துக்குள்ள ரத்து பண்ணலாம். நம்ம இந்திய அரசியலமைப்போட 200வது பிரிவுல ஜனாதிபதி பரிசீலனைக்கு அனுப்பறதுன்னு இருக்கே, அதே ஐடியா. அப்படி ரத்தான மாகாண சட்டங்கள் மொத்தம் 112. அரசியல் விளையாட்டும் அதே தான். 1878ல கியூபெக்ல லெட்டெல்லியேன்னு ஒரு எல்.ஜி., லிபரல் அரசு நியமிச்சவர், சபைல மெஜாரிட்டி இருந்த கன்சர்வேடிவ் முதல்வர் டி பூஷெர்வில்ல டிஸ்மிஸ் பண்ணிட்டார். அடுத்து கன்சர்வேடிவ் மெக்டானல்டு திரும்ப ஆட்சிக்கு வந்ததும் 1879ல லெட்டெல்லியே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எங்கயோ கேட்ட கதை மாதிரி இல்ல?

அப்புறம் எப்படி மாறிச்சுன்னா, ஒரு பேங்க் திவாலானதுல. நிஜமா தான். நியூ பிரன்ஸ்விக்ல மாரிடைம் பேங்க்னு ஒன்னு 1887ல கவுந்துச்சு. மாகாண அரசோட பணமும் அதுல இருந்தது. பேங்க் கவுந்தா கடன் குடுத்தவங்க வரிசைல நிப்பாங்க இல்லையா, ஆனா பழைய இங்கிலாந்து சட்டப்படி மகாராணிக்கு சேர வேண்டிய பணம்னா வரிசைக்கு முன்னாடி போயிடலாம். மாகாணம் "எங்க பணம் மகாராணி பணம்"னுச்சு. எதிர்த்தரப்பு, மகாராணி ஒட்டாவால இருக்காங்க, மாகாணத்துல ஏது மகாராணி, நீங்க சும்மா ஒட்டாவா நியமிச்ச ஆபீசர் நடத்தற நிர்வாகம், வரிசைல நில்லுங்கன்னுச்சு. கேஸ் அப்போ கனடாவுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1892ல தீர்ப்பு: ஒட்டாவாவுல கவர்னர் ஜெனரல் எப்படி ராணியோட பிரதிநிதியோ, மாகாண காரியங்களுக்கு லெஃப்டினன்ட் கவர்னரும் அதே அளவுக்கு ராணியோட பிரதிநிதி. நியமிக்கறது ஒட்டாவாவா இருக்கலாம், ஆனா அவர் ஒட்டாவாவோட ஏஜென்ட் இல்ல.

இதோட விளைவ கொஞ்சம் யோசிங்க. ராஜாங்கறவர் மாகாணத்துலயும் நேரடியா இருக்கார்னா மாகாண அரசு யாருக்கும் கீழ இல்ல, தன்னோட அதிகார எல்லைக்குள்ள ஒட்டாவாவுக்கு சமம். ஒன்டாரியோ முதல்வரா 24 வருஷம் இருந்த ஆலிவர் மோவாட் கோர்ட்டு கோர்ட்டா ஏறி சண்டை போட்டது இதே நிலைப்பாட்டுக்கு தான். முடியாட்சிய மாகாணத்த கட்டிப்போட கொண்டு வந்தாங்க, அதே கயிறப் பிடிச்சு மாகாணம் மேல ஏறி வந்துடுச்சு. மாகாண உரிமைன்னு இங்க பேசறதுக்கு சட்ட அடித்தளம் குடியரசு தத்துவம் இல்ல, ராஜா. வித்தியாசம் தெரியணும்னா யூகான், நுனாவுட் மாதிரி டெரிட்டரிகள பாருங்க. அங்க எல்.ஜி. கிடையாது, கமிஷனர் தான், அவர் ராஜா பிரதிநிதி இல்ல, ஒட்டாவா நியமிச்ச அதிகாரி. டெரிட்டரிக்கு மாகாண அந்தஸ்து இல்லாததும் இதுவும் ஒன்னுக்கொன்னு சம்பந்தம். ஒன்டாரியோல நிலத்துல 87 சதவீதம் கிரவுன் லேண்ட், அத "ஒன்டாரியோவின் உரிமையில் மன்னர்"ங்கற பேர்ல வச்சிருக்கறது டொராண்டோல இருக்கற அரசு, ஒட்டாவா இல்ல. சுரங்கம், மரம் வெட்டற வருமானம் எல்லாம் இதுல தான் வருது.

நம்ம ஊரோட இன்னொரு வித்தியாசம், கவர்னர் அங்க ஜனாதிபதி விரும்பும் வரை தான் பதவில இருக்க முடியும், அதாவது டெல்லி நினைச்சா நாளைக்கே மாத்தலாம். இங்க எல்.ஜி.ய முதல் அஞ்சு வருஷத்துக்கு காரணம் காட்டாம எடுக்க முடியாது, காரணத்த நாடாளுமன்றத்துக்கும் தெரிவிக்கணும். அதனால தினமும் ஒட்டாவா மூஞ்சிய பாத்து நடந்துக்கற அவசியம் இல்ல.

பழைய ஏஜென்ட் புத்தி முழுசா போறதுக்கு டைம் ஆச்சு. 1937ல ஆல்பர்டால சோஷியல் கிரெடிட் கட்சி, அபர்ஹார்ட் முதல்வர், பேங்குகளையும் பத்திரிகைகளையும் கட்டுப்படுத்தற மூணு மசோதாவ எல்.ஜி. ஜான் போவன் அசென்ட் தராம ஒட்டாவாவுக்கு ஒதுக்கி அனுப்பிட்டார். சுப்ரீம் கோர்ட் 1938ல அந்த மசோதாக்கள் செல்லாதுன்னுச்சு. அபர்ஹார்ட் என்ன பண்ணார் தெரியுமா, எல்.ஜி. தங்கியிருந்த அரசு மாளிகைய மூடிட்டார், காரையும் செகரட்டரியையும் புடுங்கிட்டார். (ஒன்டாரியோல அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே செலவு மிச்சம்னு சொல்லி ஹெப்பர்ன் அரசு சோர்லி பார்க் மாளிகைய மூடியாச்சு. இப்போ ரோஸ்டேல்ல அந்த இடம் சாதாரண பார்க், நாய கூட்டிக்கிட்டு நடக்கறாங்க. ராஜா பிரதிநிதிக்கு ஒன்டாரியோல இன்னைக்கும் வீடு கிடையாது.) கடைசியா 1961ல சஸ்காச்சுவான்ல பாஸ்டிடோன்னு ஒரு எல்.ஜி., கனிம ஒப்பந்தம் சம்பந்தமான மசோதாவ யாரையும் கேக்காம ஒட்டாவாவுக்கு ஒதுக்கிட்டார். பிரதமர் டீஃபன்பேக்கருக்கே அதிர்ச்சி, எங்ககிட்ட கேக்கவே இல்லன்னு நாடாளுமன்றத்துல சொல்லிட்டு சில வாரத்துல ஒட்டாவாவே அசென்ட் குடுத்துடுச்சு. அதுக்கப்புறம் எந்த மாகாணத்துலயும் யாரும் ஒரு மசோதாவ ஒதுக்கல. சட்டத்த ரத்து பண்ற அதிகாரம் கடைசியா உபயோகமானது 1943.

இது வரைக்கும் சொன்னது உறுதி. சந்தேகமானது எதுன்னா, இந்த ஒதுக்கற அதிகாரமும் ரத்து அதிகாரமும் இன்னும் உயிரோட இருக்கா செத்துப்போச்சா? 1982ல அரசியலமைப்ப கனடாவுக்கே கொண்டு வந்தப்போ கூட அந்த வரிகள எடுக்கல. மரபால அழிஞ்சு போச்சுன்னு பல பேர் சொல்றாங்க, எழுத்துல இருக்கற அதிகாரம் உபயோகிக்காததாலயே அழியாதுன்னு சில பேர். எனக்கு என்னவோ முதல்ல சொன்னது தான் சரின்னு படுது, ஆனா இத கோர்ட்ல யாரும் சோதிச்சு பாக்கல. 2022ல ஆல்பர்டால சல்மா லக்கானி, கம்பாலால பிறந்தவங்க, கனடாவோட முதல் முஸ்லிம் எல்.ஜி., அப்போ பேசிக்கிட்டிருந்த, ஒட்டாவா சட்டங்கள ஆல்பர்டா எதிர்க்கறதுக்கான சாவரின்டி சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதான்னு நான் பாப்பேன்னு பத்திரிகையாளர்கள்ட்ட சொல்லிட்டாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு, எல்.ஜி. அப்படி முன்கூட்டியே பேசலாமான்னு. டிசம்பர்ல மசோதா வந்தது, அசென்ட் குடுத்தாங்க. நான் கேட்டா அவங்க வாய திறந்திருக்கக் கூடாது, செல்லுமா செல்லாதான்னு பாக்க தான் ஜட்ஜுகள் இருக்காங்க.

அப்போ எல்.ஜி.க்கு நிஜமான முடிவு எடுக்கற இடமே இல்லையான்னா, ஒன்னே ஒன்னு இருக்கு, யாரு முதல்வர்ங்கறது. மெஜாரிட்டி தெளிவா இருந்தா அங்கயும் வேலை இல்ல. 2025 ஜனவரி 28ல டக் ஃபோர்டு எல்.ஜி. எடித் டூமாண்ட போய் பாத்து சபைய கலைக்க சொன்னார், அடுத்த தேர்தல் 2026 ஜூன்ல தான்னு சட்டம் இருந்தும் கலைச்சாங்க, கேள்வியே இல்ல, ஏன்னா மெஜாரிட்டி உள்ள முதல்வர் கேக்கறார். ஆனா மெஜாரிட்டி ஆடும்போது பாருங்க.

2017 மே 9, பிரிட்டிஷ் கொலம்பியா தேர்தல். 87 சீட், லிபரல் கட்சி 43, என்.டி.பி. (நியூ டெமாக்ரடிக் பார்ட்டி) 41, கிரீன் கட்சி 3. முதல்வர் கிறிஸ்டி கிளார்க் பதவிய விடல, அது அவங்க உரிமை, சபைய சந்திக்கலாம். என்.டி.பி.யும் கிரீனும் கையெழுத்து போட்டு ஒப்பந்தம் பண்ணிக்கிட்டாங்க. ஸ்பீக்கர் நாற்காலில ஒரு லிபரல் ஆள் உக்காந்ததால கிளார்க்குக்கு 42 தான். ஜூன் 29 வோட்டெடுப்பு, 44க்கு 42, அரசு கவுந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே கிளார்க் விக்டோரியால அரசு மாளிகைக்கு போறாங்க, வெளிய கேமராக்காரங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. உள்ள எல்.ஜி. ஜூடித் கிஷான், மாட்டுப்பண்ணை நடத்தறவங்க, அரசியல்வாதியும் இல்ல வக்கீலும் இல்ல. கிளார்க் சொன்ன வாதம் லேசானது இல்ல, எதிர்க்கூட்டணில ஒருத்தர் ஸ்பீக்கர் ஆயிட்டா 43க்கு 43, சபை ஓடாது, அதனால கலைச்சிட்டு மறு தேர்தல் வைங்கன்னு. வெளிய வந்தப்போ கிளார்க் சொன்னது, நான் கலைக்க கேட்டேன், அவங்க குடுக்கலன்னு. கொஞ்ச நேரத்துல என்.டி.பி. தலைவர் ஜான் ஹோர்கன் அதே மாளிகைக்கு கூப்பிடப்பட்டார், ஜூலை 18 முதல்வரா பதவியேத்தார். அந்த அரசு மூணு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அந்த சாயங்காலம் ஒரு மாகாணத்துல யாரு ஆள்றதுங்கறத ஒரே ஒரு ஆள் முடிவு பண்ணாங்க, எழுத்துல அதுக்கு ரூல் கிடையாது. தேர்தல் முடிஞ்சு ஏழு வாரம் தான் ஆச்சு, மாத்து அரசுக்கு எண்ணிக்கை காகிதத்துல இருக்கு, இந்த ரெண்டும் சேந்தா மறுக்கலாம்ங்கறது மரபு. ஆறு மாசம் ஆயிருந்தா? ஒரு வருஷம்? அங்க யாரும் உறுதியா கோடு போட முடியாது. நான் அவங்க செஞ்சது சரின்னு நினைக்கறேன், ஆனா கிளார்க் பக்கம் பேசின நல்ல வக்கீல்களையும் படிச்சிருக்கேன்.

ஒன்டாரியோல 1985லயும் இதே கதை, கன்சர்வேடிவ் 52, லிபரல் 48, என்.டி.பி. 25. லிபரலும் என்.டி.பி.யும் ஒப்பந்தம் போட்டதும் 42 வருஷ ஆட்சி முடிஞ்சது, தேர்தல் இல்லாமலே டேவிட் பீட்டர்சன் முதல்வர் ஆனார். ஆக இந்த பதவியோட நிஜ உபயோகம், முதல்வர் நாற்காலி ஒரு நிமிஷம் கூட காலியா இருக்கக் கூடாது, அதே சமயம் தோத்த முதல்வரே நடுவரா இருக்கவும் கூடாது. இதுக்கு ராஜா தான் வேணுமா, வேற ஏற்பாடு பண்ண முடியாதான்னா கண்டிப்பா முடியும். ஆனா 1982 அரசியலமைப்பு சட்டம் 41வது பிரிவுப்படி எல்.ஜி. பதவிய தொடணும்னா ஒட்டாவாவோட பத்து மாகாணமும் ஒத்துக்கணும், ஒரு மாகாணம் முரண்டு பிடிச்சாலும் முடிஞ்சது. அதனால கியூபெக் பதவிய தொடாம உறுதிமொழிய தொட்டுச்சு, 2022 டிசம்பர்ல சட்டம் போட்டு எங்க சபை உறுப்பினர்கள் ராஜா பேர்ல சத்தியம் எடுக்க வேண்டாம்னுச்சு. இது ஒரு மாகாணம் தனியா பண்ணக்கூடியதாங்கறதுல சட்டக்காரங்க நடுவுல ஒத்த கருத்து இல்ல.

சத்தியம்னதும் ஞாபகம் வருது. நான் சிட்டிசன்ஷிப் வாங்கினப்போ ராணி காலம். வலது கைய தூக்கிக்கிட்டு "ஹெர் ஏர்ஸ் அண்ட் சக்சஸர்ஸ்" (ராணியோட வாரிசுகளுக்கும்)னு சொல்லி முடிச்சதும் பக்கத்துல நின்ன யாழ்ப்பாணத்து ஐயா மெதுவா சொன்னார், "தம்பி, இவ எங்கட நாட்டுக்கும் ராணியா இருந்தவ, 72 மட்டும். திரும்பவும் அவவுக்கே சத்தியம் பண்ணிப்போட்டு நிக்கிறன் பாத்தீரே." உண்மை தான், சிலோன் 1972ல குடியரசாகற வரைக்கும் எலிசபெத் அங்கயும் ராணி. அந்த உறுதிமொழிய எதிர்த்து இங்க சில பேர் கேஸ் போட்டு 2014ல ஒன்டாரியோ அப்பீல் கோர்ட் சொன்னது, அது ஒரு ஆளுக்கு பண்ற சத்தியம் இல்ல, நம்ம ஆட்சி முறைக்கு பண்றதுன்னு. சில பேருக்கு அது ஆறுதல், அந்த ஐயாவுக்கு ஆயிருக்குமான்னு எனக்கு டவுட்டு.

இப்போ உங்க மசோதாவுக்கு வருவோம். எல்.ஜி.க்கு கடுதாசி போடாதீங்க, மரியாதையா ஒரு பதில் வரும், அவ்ளோதான். ரெண்டாவது வாசிப்பு முடிஞ்சதும் பெரும்பாலும் மசோதா ஒரு ஸ்டாண்டிங் கமிட்டிக்கு போகும், அது எந்த கமிட்டி, எப்போ ஹியரிங்னு சட்டசபை வெப்சைட்ல அந்த மசோதா பக்கத்துலயே போட்டிருப்பாங்க. பேசறதுக்கு பேர் குடுக்கலாம், நேரம் கிடைக்கலன்னா எழுத்துல அனுப்பலாம், சிட்டிசனா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல. கமிட்டிக்கே அனுப்பாம அவசரமா முடிக்கறதும் உண்டு, அதனால முதல்ல உங்க எம்.பி.பி. (உங்க தொகுதியோட மாகாண சட்டசபை உறுப்பினர்) ஆபீசுக்கு போன் பண்ணி இது கமிட்டிக்கு போகுதான்னு கேளுங்க. அனுப்பறப்போ ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், எந்த செக்‌ஷன்ல எந்த வரி உங்கள பாதிக்குதுன்னு நம்பர் போட்டு எழுதுங்க. வேணும்னா மசோதா நம்பர கமெண்ட்ல போடுங்க, நான் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு பாத்து சொல்றேன்.